ஊருக்குத் தெரியாமல் ஒரு வீடு

"யாருண்ணே அது, வந்திருக்கிறது?" என்று எதிர்வீட்டு நல்லம்மாள் கேட்டபோது, ஜெயராஜ் கேட்டைத் திறந்துகொண்டே, "சீதாவோட சொந்தக்காரங்க" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தார். காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒரு சீனத் தம்பதி. கணவர் கையில் அளவு நாடா இருந்தது.

நல்லம்மாள் அவர்களை ஒரு தடவை பார்த்தார். ஜெயராஜை இரண்டு தடவை பார்த்தார்.

"சீதா அப்பா வழியா, அம்மா வழியா?"

"தூரத்துச் சொந்தம்."

அவர்கள் ஒரு மணி நேரம் கார் ஓட்டிக் காஜாங்கிலிருந்து வந்திருந்தார்கள். அதனால் அந்த வார்த்தையில் பாதி உண்மை இருப்பதாக ஜெயராஜ் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ஜெயராஜின் வீடு விற்பனைக்கு வந்து ஒன்பது மாதம் ஆகிவிட்டது. அது விற்பனைக்கு வந்திருக்கும் விஷயம் அவருக்கும், மனைவி சீதாலெட்சுமிக்கும், மகள் மலர்விழிக்கும், ஏஜண்ட் தாமரைக்கும் மட்டும்தான் தெரியும். அப்படியும் வீடு ஏன் இன்னும் விற்கவில்லை என்பதுதான் அவருக்குப் புரியாமல் இருந்தது.

விற்க வேண்டிய காரணம் சீதாவின் முழங்கால். கிள்ளானில் இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் இந்த இரட்டை மாடி வரிசை வீட்டை வாங்கும்போது, படுக்கையறை மூன்றும் மாடியில் இருப்பது பெருமையாக இருந்தது. இப்போது சீதாவுக்கு அந்தப் பதினைந்து படிகளை ஏற முடியவில்லை. நாலு மாதமாகக் கீழே ஹாலில் சோபாவில்தான் படுக்கிறாள். பிரிக்பீல்ட்ஸில் லிஃப்ட் வைத்த ஒரு அபார்ட்மெண்ட் அமைந்திருந்தது. ஆஸ்பத்திரி பக்கம், கோயில் பக்கம், மலர்விழியின் வேலையும் பக்கம். அந்த வீட்டுக்கார அம்மா அடுத்த மாதக் கடைசி வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குமேல் வேறு ஆள் தயாராக இருக்கிறாராம்.

ரகசியத்துக்குக் காரணம் வேறு. ஜெயராஜ் குடியிருக்கும் அந்தத் தாமானில் வீட்டை விற்கிறவன் என்றால் எங்கேயோ மாட்டிக்கொண்டவன் என்று அர்த்தம். ஒன்று, ஆலோங் என்கிற கந்துவட்டிக்காரனிடம் கடன் வாங்கியிருப்பான். இல்லையென்றால் பெண்டாட்டி கோர்ட்டுக்குப் போயிருப்பாள். இது ஜெயராஜுக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால், மூன்று வருஷத்துக்கு முன்னால் இருபத்தொன்றாம் நம்பர் பிரவின் வாத்தியார் வீட்டை விற்றுவிட்டுச் செலாயாங் பக்கம் போனபோது, "ஆலோங் கேஸா இருக்கும்லா" என்று காப்பிக்கடையில் முதலில் வாயைத் திறந்தவரே அவர்தான்.

'இருக்கும்' என்றுதான் சொன்னார். மூன்றாம் நாள் அதே செய்தி, வாத்தியார் வீட்டுக் கேட்டில் ஆலோங் ஆட்கள் வந்து சிவப்புச் சாயம் ஊற்றிய விவரத்தோடு அவரிடமே திரும்பி வந்தது. "அடப்பாவமே, எனக்குத் தெரியாமப் போச்சே" என்று அவரே வருத்தப்பட்டார். வாத்தியாரின் மனைவிக்கு வேலை மாற்றம் கிடைத்ததால்தான் போனார்கள் என்று ஒரு வருஷம் கழித்துத் தெரியவந்தது. நியாயமான மனிதர் என்பதால் அதையும் இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தார். கேட்க ஆளில்லை.

தன் வாயைப்போல இந்த வரிசையில் இன்னும் நாலு வாயாவது இருக்கும் என்பது ஜெயராஜின் அனுமானம். அதனால் முதல் நாளே தாமரையிடம் கறாராகப் பேசிவிட்டார்.

"வாசல்ல போர்டு மாட்டக்கூடாதும்மா. வீட்டு முன்பக்கத்தப் போட்டோ போடக்கூடாது. ரோட்டுப் பேரும் வேணாம். என் பேரு எங்கயும் வரவே கூடாது. வீடு எப்படியும் ஆன்டி பேர்லதான் இருக்கு. யாரு கேட்டாலும் சீதாலெட்சுமி ஆன்டி வீடுன்னு சொல்லு, போதும்."

தாமரை பேனாவை மூடினாள். "அப்ப எதத்தான் அங்கிள் போட்டோ போடுறது?"

"கிச்சனப் போடு."

கிச்சனைப் போட்டாள். ஒருநாள் இன்டர்நெட்டில் மற்றவர்கள் என்ன விலை சொல்கிறார்கள் என்று பார்த்தபோது, தங்கள் வீட்டில் இருக்கிற மாதிரியே பச்சை டைல்ஸ் கிச்சனை மட்டும் காட்டி, முன்பக்கத்தை மறைத்து, கிள்ளானிலேயே இன்னொரு வீடு விற்பனைக்கு இருந்தது. "மூஞ்சிய மறைச்சு வச்சா எவன் வாங்குவான்? மடையன்" என்று ஜெயராஜ் சீதாவிடம் காட்டிச் சிரித்தார்.

சீதா அவர் முகத்தைப் பார்த்தாள். 

சீனத் தம்பதி வந்து போன பிறகு ஜெயராஜ் முறையை மாற்றினார். சொந்தம் என்று சொல்லி நம்ப வைக்கக்கூடிய ஆட்களை ஞாயிற்றுக்கிழமை அழைத்துவர வேண்டும். மற்றவர்களை வேலை நாளில், தெரு தூங்கும் மதிய நேரத்தில் அழைத்துவர வேண்டும்.

"நீங்க வேலைக்குப் போயிருப்பீங்களே அங்கிள்?" என்றாள் தாமரை. ஜெயராஜுக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர் வேலை.

"ஆன்டி இருப்பா. அவ சுத்திக் காட்டுவா."

சீதா சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்தபடி, வந்தவர்களிடமெல்லாம் உண்மையைச் சொன்னாள். "நீங்களே மேல போய்ப் பாத்துக்குங்க. நான் அந்தப் படியில ஏறுறதில்ல. பயமா இருக்கு."

அந்த வாரம் வந்த மூன்று பேரும் மாடியே ஏறாமல் போய்விட்டார்கள். படிக்கட்டில் என்ன நடந்தது என்று ஒருவர் தாமரைக்குப் போன் போட்டே கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேறு விதமாக முடிந்தது. கோயிலிலிருந்து நேராக வந்த ஒரு தமிழ்க் குடும்பம். பட்டுச் சேலை கட்டிய அம்மா, நெற்றியில் விபூதியோடு அப்பா, ஆறடி உயரத்தில் ஒரு பையன். சொந்தக்காரர்கள் என்று காட்டுவதற்காக ஜெயராஜ் அவர்களை வாசலிலேயே கைகூப்பி வரவேற்றார். உள்ளே உட்காரவைத்துக் கேசரியும் வடையும் கொடுத்தார். மலர்விழி தட்டை எடுத்துவந்தாள்.

மறுநாள் காலை, பக்கத்துப் பத்தொன்பதாம் நம்பர் சின்னையா, வேலைக்குக் கிளம்பிய ஜெயராஜை மறித்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்னண்ணே, ஒரு வார்த்த சொல்லல. மலரப் பொண்ணு பாக்க வந்தாங்களாமே. நல்லம்மாக்கா சொன்னாங்க. பையன் நல்ல உயரம்னாங்க."

ஜெயராஜ் மறுக்கத்தான் வாயைத் திறந்தார். அப்போதே ஆலோங், சிவப்புச் சாயம், கோர்ட் எல்லாம் கண்முன் வந்தன. அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பெண் பார்க்க வந்தார்கள் என்பது எவ்வளவு மரியாதையான விஷயம்.

"பேச்சு நடந்துக்கிட்டிருக்கு" என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் விஷயம் கேட்ட மலர்விழி கையைக் கழுவிவிட்டு வந்து நின்றாள். "அப்பா, நீங்க வீட்டத்தானே விக்கிறீங்க? என்னை ஏன்பா லிஸ்டிங்ல போட்டீங்க?"

"கொஞ்ச நாளைக்குத்தாம்மா. வீடு முடிஞ்சதும் செட்டல் பண்ணிடலாம்."

"வர்றவங்க எல்லாம் வேணாம்னு போறாங்களே, அது யாரோட கணக்குல சேருது?"

அதை ஜெயராஜ் யோசித்திருக்கவில்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளில் ஐந்து குடும்பங்கள் வந்தன. ஐந்தும் கேசரி சாப்பிட்டுவிட்டுப் போயின. ஐந்தும் திரும்பவில்லை. தெருவே மலர்விழிக்காக வருத்தப்பட ஆரம்பித்தது.

"அவங்களுக்கு என்னண்ணே பிடிக்கலியாம்?" என்றார் நல்லம்மாள்.

"பின்பக்கம் சின்னதா இருக்குன்னாங்க" என்று வாய் தவறிவிட்டார் ஜெயராஜ்.

நல்லம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டார். "நல்ல குடும்பம் மாதிரி தெரிஞ்சாங்களே."

அதன்பிறகு நல்லம்மாள் சும்மா இருக்கவில்லை. வருகிறவர்கள் போகும்போது கார் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "விட்டுடாதீங்கய்யா. தங்கமானது. கொஞ்சம் சூடு உண்டு, பழகிட்டா தெரியாது" என்று சிபாரிசு செய்ய ஆரம்பித்தார். மத்தியான வெயில் நேராக அடிக்கும் வீடு அது. வந்தவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள்.

தாமரை போன் செய்தாள். "அங்கிள், நேத்து வந்த ஃபேமிலி கேக்குறாங்க, வீட்டோட ஒரு பொண்ணையும் சேத்துக் குடுக்குறீங்களான்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஃபர்னிச்சர் மட்டும்தான்னு சொன்னேன்." கொஞ்சம் தயங்கினாள். "அங்கிள், ஒண்ணு சொல்லட்டா? அந்த ஏரியாவுல இப்ப நிறைய வீடு விக்கிறதுக்கு..."

"ஏரியாவ விடும்மா. நம்ம வீட்டப் பேசு. விலையக் குறைச்சுடலாம்."

விலையைக் குறைத்தார்கள். இவ்வளவு மலிவாக ஏன் தருகிறார்கள் என்று கேட்டு இரண்டு பேர் வராமலே நின்றுகொண்டார்கள். உடனே ஜெயராஜ் முன்பக்கத்துக்குப் பெயிண்ட் அடித்தார். பெயிண்ட் அடித்தால் கல்யாணம் நெருங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்? சின்னையா பந்தல்காரர் நம்பரைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்த கையோடு அடுத்த வாரமே தன் வீட்டுக்கும் பெயிண்ட் அடித்தார். முன்னால் நின்ற மாமரத்தையும் வெட்டிச் சுத்தம் பண்ணினார்.

"போட்டியப் பாத்தியா" என்றார் ஜெயராஜ். "நாம ஒண்ணு செஞ்சா அவருக்குப் பொறுக்காது."

"உங்களுக்குப் பொறுக்குதாக்கும்" என்றாள் சீதா. "நல்லம்மாக்கா வீட்டுக்குச் சனிக்கிழமையானா பஜனைக்கு ஆளு வர்றத ஜன்னல் வழியா எண்ணிக்கிட்டு நின்னது யாரு?"

"பஜனைன்னு சொல்றாங்க. ஒரு பாட்டுச் சத்தம்கூடக் கேக்கல. அதான் பாத்தேன்."

அந்தக் கெடு முடியப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அது நடந்தது. ஜெயராஜ் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது ஹாலில் சீதா இல்லை. கூப்பிட்டார். மேலேயிருந்து, ஆனால் முழுதாக மேலேயிருந்தும் இல்லாமல், "இங்கதான் இருக்கேன்" என்று குரல் வந்தது.

ஏழாவது படியில் உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்குக் கட்ட ஒரு நல்ல சேலை எடுக்கலாம் என்று ஏறியிருக்கிறாள். பாதியில் முழங்கால் பூட்டிக்கொண்டது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. போன் கீழே சோபாவில் கிடந்தது.

"எவ்வளவு நேரமா உக்காந்திருக்க?"

"மத்தியானம் வெயில் அந்த மூலையில இருந்துச்சு."

ஜெயராஜ் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். அழுகை வந்தது. அழுதால் இவளும் அழுவாள் என்று அவள் முழங்காலை மெல்ல நீவிவிட்டார்.

"ஊரு சிரிக்கும்னு பயப்படுறீங்க" என்றாள் சீதா. "நான் இங்க மூணு மணி நேரமா உக்காந்திருக்கேன். யாரு வந்து சிரிச்சா? சிரிச்சிருந்தா கையக் குடுங்கன்னாவது கேட்டிருப்பேன்."

"நாளைக்குக் காலையிலேயே போர்ட மாட்டிடுறேன், சீதா."

"மாட்டுங்க. மாட்டிட்டுச் சொல்லுங்க."

போர்டு என்றால், தாமரை முதல் மாதமே அச்சடித்துக் கொடுத்த பேனர். பத்து மாதமாகக் காரின் பின்பெட்டியில் சுருண்டு கிடந்தது. மறுநாள் விடிந்ததும் ஜெயராஜ் அதை எடுத்துக்கொண்டு, கம்பியும் குறடுமாகக் கேட்டுக்குப் போனார். மனைவிக்காக ஒருவன் இந்த அவமானத்தைக்கூடப் படமாட்டானா என்று நினைத்தபோது அவருக்கே தன்மேல் மதிப்பு வந்தது. அந்த மதிப்பு சுமார் ஒரு நிமிஷம் இருந்தது.

"என்னண்ணே அது, பேனரா?" என்று சின்னையா குடையும் கையுமாக வந்து நின்றார்.

"அது வந்து... மலர் கல்யாணத்துக்கு."

"முடிவாயிடுச்சா?" சின்னையாவின் முகம் மலர்ந்துபோனது. பேனரை விரித்துப் பார்க்கக் கையை நீட்டினார். ஜெயராஜ் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "எழுத்துப் பிழை இருக்கு, திருப்பிக் குடுக்கப் போறேன்" என்று உள்ளே வந்துவிட்டார். பத்து மணிக்குள் நல்லம்மாள் வந்து எந்த மண்டபம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

மலர்விழி அன்றைக்குச் சாப்பாட்டைத் தன் அறைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சீதா மட்டும், "மாப்பிள்ளை என்ன வேலை பாக்குறாருன்னு எனக்கும் சொல்லி வையுங்க. கேட்டா சொல்லணுமே" என்றாள்.

மாதத்தின் கடைசி ஞாயிறு. தாமரை ஒரு இளம் ஜோடியை அனுப்பியிருந்தாள். சஞ்சீவ், வசுந்தரா. கம்போங் மேடானில் வாடகை ஃபிளாட்டில் இருக்கிறார்கள். வசுந்தராவுக்கு ஐந்து மாதம். அவர்களுக்கும் லிஃப்ட்தான் பிரச்சினை. அங்கே அது பாதி நாள் ஓடுவதில்லையாம்.

ஜெயராஜுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. கேசரி கிடையாது, கும்பிடு கிடையாது. நேரே ஸ்டோர் ரூமுக்கு அழைத்துப்போய், "பெரிய மழ பெஞ்சா இந்தச் செவுரு கொஞ்சம் ஈரமாகும் தம்பி. மேல் பாத்ரூம் பைப்ப மாத்தணும். மத்தியானம் ஹால்ல வெயில் அடிக்கும். ஆன்டிக்கு முட்டி வலி, அதான் விக்கிறோம். படிக்கட்டுல ஒண்ணும் இல்ல" என்று எல்லாவற்றையும் கொட்டினார். வசுந்தரா மாடிக்குப் போய் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, இறங்கிவந்து சீதா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தொட்டில் எந்த அறையில் கட்டினால் காற்று வரும் என்று சீதா சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்த ஜெயராஜுக்கு, இவர்களுக்காகத்தான் வீடு இத்தனை நாள் காத்திருந்தது என்று தோன்றிவிட்டது.

"வீடு பிடிச்சிருக்கு அங்கிள்" என்றான் சஞ்சீவ். "விலையும் சரியாத்தான் இருக்கு."

"அப்ப நாளைக்கே புக்கிங் போட்டுடலாமா தம்பி?"

சஞ்சீவ் மனைவியைப் பார்த்தான். ஜெயராஜ் அவர்களோடு கேட் வரைக்கும் நடந்தார். எதிரே நல்லம்மாள் தயாராக நின்றுகொண்டிருந்தார். இன்றைக்கு அவர்மேல்கூட ஜெயராஜுக்குக் கோபம் வரவில்லை.

"ஒரே ஒரு விஷயம்தான் அங்கிள்" என்றான் சஞ்சீவ், குரலைத் தாழ்த்தி. "இந்த ரோட்ல ஏற்கெனவே மூணு வீடு பாத்துட்டோம். பக்கத்துப் பத்தொன்பது, அந்த எதிர்வீடு, மூலையில இருக்கிற கார்த்திகேசு அங்கிள் வீடு."

ஜெயராஜின் கண் தானாகச் சின்னையாவின் புதுப் பெயிண்டுக்குப் போனது. அங்கிருந்து நல்லம்மாளுக்குப் போனது. பாட்டில்லாத பஜனை.

"அவங்களும் விக்கிறாங்களா?"

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்க அங்கிள். மூணு பேரும் சத்தியம் வாங்காத குறைதான். போர்டு இல்ல, முன்பக்கப் போட்டோ இல்ல. கேட்டா, மூணு பேரும் ஒரே மாதிரிதான் சொல்றாங்க. ஜெயராஜ்னு ஒருத்தர் இந்த வரிசையில இருக்காராம். அவரு காதுக்கு மட்டும் போயிடக் கூடாதாம். எந்த வீடுன்னு கேட்டா, வேணாம்பா விட்டுடுங்கிறாங்க. எங்களுக்குப் பிள்ளை பொறக்கப்போகுது. அப்படி ஒரு ஆளு பக்கத்துல எப்படி அங்கிள்..."

ஜெயராஜ் கேட்டைப் பிடித்துக்கொண்டார். 

வசுந்தரா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பாவம் என்பதுபோல அவர் கையைத் தொட்டாள்.

"ஆன்டி முட்டிய விடுங்க. உண்மையச் சொல்லுங்க அங்கிள், நீங்களும் அந்த ஜெயராஜுக்குப் பயந்துதான் வீட்ட விக்கிறீங்களா?"